நீல நிறப் பெரிய பூசணி: எப்படி வெட்டுவது, எப்படிச் சமைப்பது?

கந்தப்பளை மலர்:
வணக்கம். நுவரெலியாவில் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒரு காய் கொடுத்துவிட்டார், விதை வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்ததாம், பெயர் ப்ளூ ஹப்பார்ட். சாம்பல் பூத்த நீல நிறம், இரண்டு முனையும் கூம்பி, உடம்பெல்லாம் பரு. எட்டுக் கிலோவுக்குக் குறையாது. வீட்டில் கவ்வாத்துக் கத்தி போட்டுப் பார்த்தார்கள், தோலில் இறங்காமல் வழுக்குகிறது, கை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எப்படி வெட்டுவது? தோல் சீவ வேண்டுமா? வட்டக்காய்க்கு, அதாவது நாம் வழமையாகச் சமைக்கும் மஞ்சள் பூசணிக்கு, அரிசியும் தேங்காயும் வறுத்தரைத்து வைக்கிற கறி இதற்குச் சரிவருமா? இவ்வளவு பெரிய காயை வீணாக்க மனசில்லை.

பண்டாரவளை அக்கா:
தங்கச்சி, முதலில் அந்தக் கத்தியை வையுங்கள். காயைச் சுத்தமான சாக்கில் போட்டுக் கட்டி, இடுப்பு உயரத்தில் இருந்து சீமெந்துத் தரையில் போடுங்கள், தானாகப் பிளந்துவிடும். அமெரிக்காவில் இதை வளர்க்கிறவர்களே இப்படித்தான் உடைக்கிறார்கள். பிளந்ததும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கடும் கசப்பாக இருந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள், சமைத்தாலும் அந்தக் கசப்பும் நஞ்சும் போகாது. கசப்பில்லை என்றால் விதையையும் நாரையும் வழித்துவிட்டு, தோலோடு பெரிய துண்டுகளாக ஆவியில் அவியுங்கள். பச்சையாகத் தோல் சீவவே வேண்டாம், வெந்தபின் கரண்டியால் வழித்தால் சதை வந்துவிடும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் கொழும்புக்காரர் எழுதிய நேரத்தை நம்பாமல் முள்ளுக்கரண்டி சுலபமாக இறங்கும் வரை வையுங்கள். குக்கர் இருந்தால் காஸும் மிச்சம்.

ராகலை ரவி:
அக்கா சொன்னது சரி, ஆனால் கறி விஷயத்தில் கொஞ்சம் கவனம். இதன் சதை வட்டக்காய் போல நீர்ப்பிடிப்பு இல்லை, வற்றாளைக் கிழங்கு மாதிரி மாப்பிடித்தது. தேங்காய்ப்பாலில் நெடுநேரம் கொதித்தால் கரைந்து கூழாகிவிடும். அதனால் அரைவேக்காட்டில் எடுத்துத் தோலை நீக்கி, பெரிய துண்டாகவே போடுங்கள். தண்ணிப்பாலில் பச்சை மிளகாய், வெங்காயம், உள்ளி, ரம்பை, மஞ்சள் சேர்த்து, துண்டு முக்கால் பதம் வெந்ததும் வறுத்தரைத்த அரிசி, தேங்காய், கடுகை முதல் பாலில் கரைத்து ஊற்றி ஒரு கொதியில் இறக்கிவிடுங்கள். அகப்பை போட்டுக் கிண்டக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டினால் போதும். தேங்காய் விற்கிற விலையில் முழுக் காய்க்கும் பால்கறி கட்டுப்படியாகாது. மிச்சத்தை மசித்து, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மாசித்தூளும் தேசிக்காய்ப் புளியும் விட்டால் ரொட்டிக்கு அப்படி இருக்கும். எனக்கு இதுதான் கறியை விடப் பிடிக்கும்.

வெலிமடை தோட்டம்:
ரகம் பழையது, மாசசூசெட்ஸில் கிரெகரி என்ற விதைக்காரரின் கம்பனி 1909இல் வெளியிட்டது. குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடத்தான் அங்கே வளர்த்தார்கள். உங்கள் காய் இப்போதுதான் பறித்தது என்றால் உடைக்க அவசரப்படாதீர்கள். காம்பு முறியாமல், ஈரம் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு மாதம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்பு ஏறும். மழைக்கால லயத்து மூலை ஆகாது, நிலத்தில் படாமல் பலகை மேல் வையுங்கள். உடைத்த பிறகு சதையை அவித்துப் பிரீசரில் போடலாம்.

கந்தப்பளை மலர்:
எல்லோருக்கும் நன்றி. காய் பறித்து நாளாகிவிட்டது என்று மாமா சொல்கிறார், அதனால் ஞாயிற்றுக்கிழமை உடைக்கப் போகிறோம். அண்ணா, விதையை எடுத்து நட்டால் இதே காய் வருமா? மாமாவின் தோட்டத்தில் வட்டக்காயும் இருக்கிறது.

வெலிமடை தோட்டம்:
வட்டக்காயால் பெரிய பயம் இல்லை தங்கச்சி, பெரும்பாலும் இரண்டும் வேறு இனம், லேசில் கலக்காது. பக்கத்தில் ஜப்பான் கபோச்சா பூசணி மாதிரி ஏதாவது போட்டிருந்தார்களா என்று கேளுங்கள், அது இதன் இனம், தேனீ கலந்துவிட்டிருக்கும். அடுத்த முறை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: மறுநாள் விரியப்போகும் ஆண் பூவையும் பெண் பூவையும் மாலையில் நூலால் கட்டிவிட்டு, காலையில் பிரித்து மகரந்தத்தைத் தடவி, பெண் பூவைத் திரும்பக் கட்டி அந்தக் காய்க்கு அடையாளம் வையுங்கள். இப்போதைக்கு விதையைக் கழுவி நிழலில் காயவைத்துக் கடதாசிப் பையில் போடுங்கள், எனக்கும் கொஞ்சம் வேண்டும்.