பிறந்த பிறகு மூளை ரிசெப்டர் மாறுறது பத்தி உதவி வேணும்

வணக்கம், நியூரோசயின்ஸ் படிச்சவங்க இருந்தா கொஞ்சம் உதவி பண்ணுங்க. குழந்தை பிறந்த அப்புறம் ரிசெப்டர் (கெமிக்கல் சிக்னலைப் பிடிக்கிற, மூளை செல் மேல இருக்குற புரோட்டீன்) எப்படி மாறுதுன்னு செமினாருக்கு ரெடி பண்றேன். காபா (மூளை செல்களுக்கு இடையில சிக்னல் கடத்துற ஒரு கெமிக்கல்) பகுதி புரிஞ்சிடுச்சு, பெரியவங்க மூளைல செல்லை அடக்குற காபா வளர்ற மூளைல தூண்டி விடுது, ஏன்னா அப்ப என்கேசிசி1ங்கிற கடத்துற புரோட்டீன் குளோரைடை செல்லுக்குள்ள சேர்த்து வச்சிருக்கும், அப்புறம் கேசிசி2ங்கிற இன்னொரு கடத்துற புரோட்டீன் கூடி அதை வெளிய தள்ள ஆரம்பிச்சதும் ரிசெப்டர் திறந்தா நேர் எதிரா நடக்குது. ரிசெப்டரையே மாத்தாம அதோட வேலைய தலைகீழாக்க முடியுது, எனக்கு ரொம்ப பிடிச்ச இடமே இதுதான்.

என்எம்டிஏ ரிசெப்டர்லதான் (குளூட்டமேட்ங்கிற தூண்டுற கெமிக்கலைப் பிடிக்கிறது) சிக்கல். ஆரம்பத்துல 2பிங்கிற சப்யூனிட் (ரிசெப்டரைக் கட்டுற துண்டு) அதிகம், திறந்தா மெதுவா மூடும், போகப்போக சீக்கிரம் மூடுற 2ஏ கூடுது. எலிய இருட்டுல வளர்த்தா விஷுவல் கார்டெக்ஸ்ல (பார்வைக்கான மூளைப் பகுதி) இந்த மாற்றம் தள்ளிப்போகுது, வெளிச்சத்துக்கு கொண்டுவந்தா சீக்கிரமே 2ஏ கூடிடுது. அப்ப அனுபவம்தான் இதை நடத்துதா, இல்ல ஜீன்ல ஏற்கனவே இருக்குற டைம்டேபிளை வேகப்படுத்துது, அவ்ளோதானா?

இன்னொண்ணு, ஹியூபலும் வீசலும் 1960கள்ல பூனைக்குட்டியோட ஒரு கண்ணை மூடி காட்டின கிரிட்டிக்கல் பீரியட் (அனுபவம் மூளை இணைப்புகளை எளிதா மாத்துற இளம் வயசு காலம்) முடியுறதுக்கு 2ஏ மாற்றம்தான் காரணம்னு எங்க செட்ல சொல்றாங்க, ஆனா 2ஏ இல்லாத எலிக்கும் அது வழக்கமான வயசுலதான் முடியுது, அதனால அந்த விளக்கம் போதாதுன்னு நினைக்கிறேன். தடுக்குற நியூரான்கள் முதிர்ச்சியாகுறதோட சேர்த்து இதை எப்படி விளக்கலாம்? நல்ல ரிவ்யூ பேப்பர், படம் ஏதாவது இருந்தா கமெண்ட்ல போடுங்க ப்ளீஸ்.