உதவி: ‘அட்மிஷன்’ — சேர்க்கையா, சேர்ப்பா, வேறு ஏதேனுமா?

கயல் எழுதியது:

மடற்குழுவினருக்கு வணக்கம். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களைப் பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். சிக்கல் இதுதான். ஒரு நாட்டின் சங்கத்தை, பொது நிர்வாகத்துக்குத் துணைநிற்கும் தன்னார்வ அமைப்பென்று முதலில் அந்நாட்டு அரசு ஏற்க வேண்டும். அடுத்து, ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு பத்து நிபந்தனைகளை வைத்துச் சரிபார்த்து ‘ரெகக்னிஷன்’ தருகிறது. அதன் பிறகே, இச்சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ‘அட்மிஷன்’ தருகிறது. முதல் இரண்டுக்கும் அங்கீகாரம் என்று போட்டுவிட்டேன். மூன்றாவதை அனுமதி என்றால் நுழைவுச்சீட்டு போலிருக்கிறது. சேர்க்கை என்றால் கல்லூரி வாசல் தெரிகிறது. ஒரு சொல் கொடுத்து உதவுங்கள்.

மெய்யெழுத்து எழுதியது:

அம்மா, மூன்றாவதற்குப் போகுமுன் அங்கீகாரத்தை இறக்கிவையுங்கள். வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்: தெரிந்து தெளிதல். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ பத்து நிபந்தனைகளைச் சரிபார்ப்பது தேர்தல். பார்த்தபின் நம்பி ஏற்பது தெளிவு. (தேர்தல் என்ற நல்ல சொல்லை வாக்குப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டோம், அது வேறு வயிற்றெரிச்சல்.) ஆகவே செஞ்சிலுவைக் குழு தருவது தெளிவு.

இனிச் சேர்க்கை. ‘சேர்’ தன்வினையானால் சேர்கிறது, சேர்ந்தது. அதன் பெயர் சேர்கை. பிறவினையானால் சேர்க்கிறது, சேர்த்தது. அதன் பெயர் சேர்க்கை. சங்கம் செய்வது சேர்கை, கூட்டமைப்பு செய்வது சேர்க்கை. ஓர் ஒற்றில் இரண்டு கலைச்சொற்கள் கிடைக்கின்றன. புதிதாக ஏன் படைக்க வேண்டும்?

திருத்துநர் எழுதியது:

ஐயா, ‘பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்துக்கு 2006இல் தெளிவு கிடைத்தது’ என்று அச்சிட்டால், அதுவரை அச்சங்கம் குழம்பிக் கிடந்தது என்றுதான் வாசகர் நினைப்பார். சேர்கை விஷயத்தில் என் தொழிலை மறந்துவிட்டீர்கள். உலகில் உள்ள எந்த மெய்ப்புத் திருத்துநரும் அதில் ஒரு ‘க்’ சேர்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். நானும் அப்படித்தான் செய்வேன். மக்களுக்கு அங்கீகாரம் புரிகிறது. விட்டுவிடுங்கள்.

செம்பியன் எழுதியது:

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதுதான் இங்கே முக்கியம், தூய்மை அப்புறம். இஸ்ரேலின் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற மாகன் டேவிட் அடோம் 1930இல் தோன்றிய அமைப்பு. அதன் சின்னம் சிலுவையும் அன்று, பிறையும் அன்று என்பதால் பல பத்தாண்டுகள் வெளியிலேயே நின்றது. 2005 டிசம்பரில் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு மூன்றாம் கூடுதல் நெறிமுறை வந்து, சிலுவைக்கும் பிறைக்கும் மாற்றாகச் செம்படிகச் சின்னம் ஏற்கப்பட்ட பிறகே, 2006 ஜூனில் அதற்கு வழி பிறந்தது. அதே நேரத்தில் பாலஸ்தீனச் சங்கமும் வந்தது. சுதந்திர நாட்டில் அமைந்திருக்க வேண்டும் என்பதே பத்தில் முதல் நிபந்தனை. அதற்கு விலக்களித்துத்தான் அச்சங்கத்தை ஏற்றார்கள். இரண்டு சங்கங்களுக்கும் செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பு ஒரு முடிவு, கூட்டமைப்பின் முடிவு வேறு. அடுத்தடுத்து நடந்ததால் ஒன்றாகிவிடாது.

மறுதலையாகவும் பாருங்கள். 2023 டிசம்பரில் பெலாரஸ் சங்கத்தின் உறுப்புரிமையைக் கூட்டமைப்பு இடைநிறுத்தியது. மூன்றாவதையும் அங்கீகாரம் என்று எழுதிப் பழக்கினால், செஞ்சிலுவைக் குழு தந்ததும் அன்றே பறிபோனது என்று மாணவர் எழுதி வைப்பார். என் பரிந்துரை: முதல் இரண்டுக்கும் ‘ஏற்பு’, மூன்றாவதற்கு ‘உறுப்பேற்பு’.

திருத்துநர் எழுதியது:

உறுப்பேற்பு என்றால் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர் நினைவுக்கு வருகிறார்.

மெய்யெழுத்து எழுதியது:

போகிற போக்கில் ‘செம்படிகம்’ என்று எழுதிவிட்டார் செம்பியன். படிகம் ஸ்படிகத்தின் தற்பவம், அதாவது வடசொல் தமிழ் ஒலிக்கேற்பத் திரிந்த வடிவம். பளிங்கு இருக்க அது ஏன்? செம்மை + பளிங்கு, ஈறு போய்ச் செம்பளிங்கு. செஞ்சிலுவையில் நன்னூலார் சொன்ன ‘முன்னின்ற மெய்திரிதல்’ கூடுதலாக நடக்கிறது. இங்கே பகரத்துக்கு முன் மகரமே நிற்பதால் அந்த வேலையும் இல்லை.

செம்பியன் எழுதியது:

பளிங்கு என்றால் இன்று தரைக்குப் போடும் கல் ஐயா. அறிவியல் பாடநூல்களில் படிகம்தான் நிலைத்திருக்கிறது. கூட்டமைப்பைப் பற்றியும் யாரும் கிளப்பிவிட வேண்டாம். 1919இல் பாரிஸில் ‘லீக்’ என்று தொடங்கி, 1991இல்தான் இன்றைய பெயருக்கு வந்தார்கள். அதிலுள்ள ‘ஃபெடரேஷன்’ என்பதைச் சிலர் சம்மேளனம் என்கிறார்கள், சிலர் கூட்டமைப்பு என்கிறார்கள். ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 1995இல் பன்னாட்டு அளவில் ஒன்றுசேர்ந்தபோது தன்னைக் ‘கான்ஃபெடரேஷன்’ என்று அழைத்துக்கொண்டது; அந்த நுண்வேறுபாட்டுக்கும் சொல் தேடினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

கயல் எழுதியது:

நன்றி. ‘உறுப்பினர் சேர்ப்பு’ என்று தனிமடலில் இருவர் எழுதினார்கள். அது கட்சிகள் முகாம் போட்டு ஆள் திரட்டுவதைப் போல ஒலிக்கிறது. எனவே வினையாகவே எழுதப் போகிறேன்: ‘கூட்டமைப்பு அச்சங்கத்தை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது.’ சேர்த்து என்பதோடு ‘கொள்’ வந்தால், தன்னோடு சேர்ப்பது என்ற பொருள் தானே கிடைத்துவிடுகிறது. தலைப்பில் ‘உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளல்’. மறுப்பு உண்டா?

திருத்துநர் எழுதியது:

ஆதரிக்கிறேன். பாதி களைப்பினால்.

செம்பியன் எழுதியது:

நீளம்தான், ஆனால் தவறாகப் புரிந்துகொள்ள இடமில்லை. சரி.

மெய்யெழுத்து எழுதியது:

கலைச்சொல் கேட்டீர்கள், வாக்கியம் கிடைத்திருக்கிறது. பெரும்பான்மை இருக்கட்டும், என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் கையேட்டில் உறுப்பினர் தாமே வெளியேறுவதை எப்படி எழுதுவீர்கள்? விலகல். கூட்டமைப்பு வெளியேற்றினால்? விலக்கல். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு ககர ஒற்று. அங்கே எந்தத் திருத்துநரும் கை வைப்பதில்லை, எந்த வாசகரும் தடுமாறுவதில்லை. போகும்போது படித்தவருக்குப் புரிகிற ஒற்று, வரும்போது மட்டும் ஏன் புரியாமல் போகிறது?

திருத்துநர் எழுதியது:

ஐயா, சேர்க்கை என்ற சொல் ஏற்கெனவே ஊரறிந்தது, சேர்கையை யாரும் கண்டதில்லை. விலகலும் விலக்கலும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளவை. வேறுபாடு அவ்வளவுதான்.

மெய்யெழுத்து எழுதியது:

புழங்கினால்தானே புழக்கத்தில் வரும்?