கண்ணாடி வைச்சு செய்யிற பயிற்சியால பாரிசவாதக் கை தேறுமா?

வெள்ளவத்தை_மகள்:
வணக்கம் எல்லாருக்கும். அம்மாக்கு பாரிசவாதம் வந்து மூண்டு மாசமாகுது, கால் ஓரளவு தேறி வீட்டுக்குள்ள சுவரைப் பிடிச்சு நடக்கிறா, ஆனா இடக்கை விரல் கொஞ்சம் மடங்கிறதோட நிக்குது. இங்க கொழும்பில ஒரு தனியார் இடத்தில கண்ணாடி வைச்சு செய்யிற 'மிரர் நியூரோன் தெரபி' எண்டு பெரிய தொகை ஒண்டு சொல்லுகினம், அதைத் தொடங்கினா வழமையான பிசியோவே தேவையில்லையாம். காசை விடுங்கோ, அம்மாட நேரம் வீணாகக்கூடாது எண்டதுதான் என்ர பயம். ஆராவது செய்து பாத்தனீங்களா?

பிசியோ_கொட்டாஞ்சேனை:
தங்கச்சி, பிசியோவை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. இது அதோட சேத்துச் செய்யிற விசயம்.

மிரர் நியூரோன் எண்டது 90கள்ல இத்தாலி பார்மாவில ரிசொலாட்டி எண்ட விஞ்ஞானிட குழு குரங்கு மூளையில கண்ட ஒரு வகை நரம்புக்கலம். குரங்கு தான் ஒரு சாமானை எடுக்கேக்க வேலை செய்யிற அதே நியூரோன், இன்னொராள் எடுக்கிறதைச் சும்மா பாக்கேக்கயும் வேலை செய்யுது. அதை வைச்சு வந்ததுதான் கோப்பை தூக்கிற வீடியோவைப் பாத்திட்டு அதையே நோயாளி செய்து பழகிற முறை. கண்ணாடி முறை வேற பக்கத்தால வந்தது, தமிழ்நாட்டில பிறந்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் கை வெட்டினாக்களுக்கு இல்லாத கையில வாற நோவுக்குத்தான் முதல் செய்தவர், பிறகு 1999ல பாரிசவாதத்துக்குச் செய்து பாத்த சின்ன ஆய்வு லான்செட் எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்தது. அது மிரர் நியூரோனாலதான் வேலை செய்யுதோ எண்டு ஆய்வாளர்மார் இன்னும் வாதாடுகினம், அதால அந்தப் பேருக்காக காசு குடுக்காதேங்கோ. ஆனா பலன் இருக்கு. பல ஆய்வுகளைச் சேத்துப் பாக்கிற கொக்ரேன் அமைப்பிட 2018 தொகுப்பில 62 ஆய்வு, கிட்டத்தட்ட 2000 பேர், கை கால் அசைவும் அன்றாட வேலையும் முன்னேறுது எண்டுதான் வந்தது.

அம்மாவை மேசையில இருத்தி, நடுவில கண்ணாடியை நிமித்தி வையுங்கோ, கண்ணாடிட முகம் வலக்கைப் பக்கம், இடக்கை பின்னால மறைஞ்சிருக்கோணும். வலக்கையை மெதுவா விரிச்சு மடக்கேக்க கண்ணாடிக்குள்ள தெரியிறதை இடக்கையா நினைச்சுப் பாக்கோணும், மறைஞ்ச கையாலயும் ஏலுமான அளவு முயற்சி செய்யோணும். அரை மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், ஆனா கிழமையில அஞ்சு நாளாவது விடாமல் செய்யோணும். முதல் தரம் உங்கட பிசியோவுக்கு முன்னால செய்யுங்கோ.

தெஹிவளை_தம்பி:
அக்கா, நாங்கள் அப்பாக்குச் செய்தனாங்கள். கண்ணாடிக் கடையில விளிம்பு தேய்ச்சுத் தரச் சொல்லி ஒண்டு வாங்கி பலகையில பூட்டினது, அவ்வளவுதான் செலவு. முதல்ல தலை சுத்துது எண்டவர், நேரத்தைக் குறைச்சு குறைச்சு செய்ய அது போட்டுது. டிவியை நிப்பாட்டுங்கோ, பக்கத்தில ஒருத்தரும் கதைக்கக்கூடாது, கவனம் சிதறினா அந்தக் கை தன்ர கை எண்ட உணர்வே வராது. இப்ப ஏலாத கையால சேட்டைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால பொத்தான் போடுவார். ஊசி கோக்கிற மாதிரி நுணுக்கமான வேலை இன்னும் ஏலாது. அதோட மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழட்டோணும்.

வெள்ளவத்தை_மகள்:
பெரிய உதவி ரெண்டு பேரும். ஒரு பிரச்சினை, அப்பா இருக்கேக்க வெறுங்கையா இருக்கமாட்டன் எண்டு அம்மா காப்பைக் கழட்ட விடமாட்டா. இடக்கைக் காப்பு கை வீங்கினதில ஏற்கனவே கழட்டியாச்சு.

பிசியோ_கொட்டாஞ்சேனை:
கழட்டச் சொல்லிக் கரைச்சல் குடுக்காதேங்கோ. கண்ணாடியில தெரியிற கை அவவின்ர இடக்கை மாதிரி இருக்கோணும், அவ்வளவுதான். முழுக்கைச் சட்டை ஒண்டைப் போட்டு காப்பை முழங்கைப் பக்கம் ஏத்தி மூடிவிடுங்கோ. வீங்கின கைக்குக் காப்பு போடவே வேண்டாம், வீக்கத்தை அடுத்த கிளினிக்கில மறக்காமல் டொக்டரிட்ட காட்டுங்கோ.