1959-ஆம் ஆண்டு புரோபேட் கட்டு: சேலத்தில் எங்கே, எப்படித் தேடுவது?

மஞ்சக்குட்டைப் பேத்தி

வணக்கம். என் தாத்தாவின் அண்ணனான பெரிய தாத்தா 1958-ஆம் ஆண்டின் கடைசியில் ஏற்காட்டில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மஞ்சக்குட்டைப் பக்கம் இருந்த ஏழு ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கும் சேலத்தில் இருந்த ஒரு வீட்டுக்கும் அவர் உயில் எழுதியிருந்தார் என்றும், அவர் போன பிறகு அதைக் கோர்ட்டில் போட்டு நம்பர் வாங்கினார்கள் என்றும் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தினர். தோட்டத்தின் பட்டா இன்றுவரை பெரிய தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. அதை மாற்றப் போனபோதுதான் உயிலின் நகல் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை என்பது தெரிந்தது.

கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம். பாட்டியின் தகரப் பெட்டியில், வேதாகமத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த பாதித் தாள் அது. அதில் “ஓ.பி. 4” என்பது வரை தெளிவாக இருக்கிறது, அடுத்த இலக்கம் இருந்த இடத்தை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது, ஓட்டைக்கு அப்பால் “/59” என்பது மிஞ்சியிருக்கிறது. கீழே ஊதா நிற முத்திரையின் அரை வட்டம் தெரிகிறது.

பழைய ஆண்டுகளையும் சேர்த்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். உயில் பற்றி ஒரு வரிகூட இல்லை. விசாரித்த ஓர் அலுவலகத்தில், அவ்வளவு பழைய வழக்குக் கட்டுகளை எல்லாம் எப்போதோ அழித்தாயிற்று என்று தலை நிமிராமலே சொல்லி அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே அழித்திருப்பார்களா? அந்த மனுவில் நான் கட்சிக்காரர் அல்ல. எனக்கு நகல் கேட்கும் உரிமை உண்டா?

நகல் பிரிவில் இருந்தவர்

அம்மா, அந்தப் பதிலை நம்பித் திரும்ப வேண்டாம். நீதிமன்றங்களில் கெடு முடிந்த கட்டுகளை அழிப்பது வழக்கம்தான் என்றாலும், புரோபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வழங்கப்பட்ட மூல உயில் அந்த வகையில் சேராது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 294-ஆவது பிரிவில், தாம் புரோபேட் வழங்கிய மூல உயில்களை மாவட்ட நீதிபதி தம் நீதிமன்ற ஆவணங்களோடு கோத்துப் பாதுகாக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. உங்கள் வீட்டில் மூல உயில் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அது தொலையவில்லை, நீதிமன்றத்தில் தங்கிவிட்டது.

நீங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்று சொன்னது முக்கியமான செய்தி. சேலத்தில் எழுதப்பட்டு, சேலத்துச் சொத்தை மட்டும் பற்றிய இந்து உயிலுக்குப் புரோபேட் கட்டாயமாக இருந்ததில்லை. சென்னை நகர எல்லைக்குள் நிலைமை வேறாக இருந்தது. ஆனால் இந்தியக் கிறிஸ்தவர்கள், 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் வரும் வரை, உயிலின்படி தமக்குள்ள உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டப் புரோபேட் பெற்றாக வேண்டியிருந்தது. ஆகவே பாட்டி சொன்னது வெறும் பேச்சாக இருக்காது.

முதல் வேலை நகல் மனு போடுவதன்று. எண்ணை உறுதி செய்வது. ஓட்டை ஒரே இலக்கத்தின் அகலம்தான் என்றால், 40 முதல் 49 வரை பத்தே எண்கள். (பூச்சி அந்த அளவுக்கு இரக்கம் காட்டியிருக்கிறது.) அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில், முதன்மை மாவட்ட நீதிமன்றத்தின் 1959-ஆம் ஆண்டு ஓ.பி. (அசல் மனு) பதிவேட்டைப் பார்த்துத் தருமாறு, பெரிய தாத்தாவின் பெயரையும் இறந்த தேதியையும் குறிப்பிட்டு எழுத்து மூலமாகக் கேளுங்கள். இணையத்தில் வழக்கு நிலை பார்க்கும் வசதியில் இவ்வளவு பழைய எண்ணைத் தேடிப் பொழுதைப் போக்க வேண்டாம்.

எண் கிடைத்தபின், மூன்றாம் நபர் நகல் மனு போட வேண்டும். வழக்கில் கட்சிக்காரர் அல்லாதவர், தமக்கு நகல் ஏன் தேவை என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லி, நீதிமன்றத்தின் உத்தரவு பெற வேண்டும். நீங்கள் அவருடைய தம்பியின் பேத்தி என்பதைக் காட்டும் சான்றுகளையும், அவர் பெயரில் உள்ள பட்டாவையும் இணைத்தால் போதிய காரணம் ஆகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் சுலபம் என்று யாராவது சொல்வார்கள்; நீதிமன்றக் கட்டுகளின் நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துவிட்டது.

இன்னொன்று: உயிலின் நகலோடு நின்றுவிடாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி, புரோபேட் மனுவுடன் சொத்து மதிப்பீட்டு அட்டவணையை இரண்டு பிரதிகளாக வைக்க வேண்டும். ஒன்றை நீதிமன்றம் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும். உயிலில் “என் காப்பித் தோட்டம்” என்று பொதுவாக எழுதியிருந்தாலும், அட்டவணையில் சர்வே எண்ணும் ஏக்கரும் வரிசையாக இருக்கும். புரோபேட் பெற்ற நிறைவேற்றுநர் (உயிலை நிறைவேற்ற அதில் நியமிக்கப்பட்டவர்) ஆறு மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலும், ஓர் ஆண்டுக்குள் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். அவையும் கட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டா மாற்றத்துக்கு உயிலைவிட இந்தத் தாள்களே உங்களுக்கு அதிகம் உதவும். அவற்றில் உள்ளது பழைய சர்வே எண். யுடிஆர் (நிலப் பதிவேடு மேம்பாட்டு) அளவைக்குப் பின் எண் மாறியிருந்தால், வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

சார் பதிவாளர் அலுவலக அனுபவம்

வில்லங்கச் சான்றில் உயில் வராததைக் கண்டு சகோதரி கலங்க வேண்டியதில்லை. வில்லங்கம் பார்ப்பது 1-ஆம் புத்தகத்தின் அட்டவணையைக் கொண்டு. கிரயம், அடமானம், செட்டில்மெண்ட் எல்லாம் அதில் வரும். உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். உயிலை எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அதன் நகல் அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே கிடைக்கும். இறந்தபின், விண்ணப்பிக்கும் எவருக்கும் நகல் தரலாம் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 57-ஆவது பிரிவில் சொல்கிறது. எனவே இறப்புச் சான்றுடன் 3-ஆம் புத்தகத்தைத் தேடித் தருமாறு தனியாக விண்ணப்பம் கொடுங்கள்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமன்று. செய்தாலும், சொத்து இருக்கும் எல்லையில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஏற்காட்டுத் தோட்டத்தின் உயில் சேலம் டவுனில் பதிவாகியிருக்கலாம். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழியும் உண்டு. அது 5-ஆம் புத்தகத்தில் வரும். சேலத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பதிவு மாவட்டங்கள் இருப்பதால் இரண்டு இடத்திலும் கேட்பது நல்லது.

உரிமையியல் வழக்கறிஞர்

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். பெரிய தாத்தாவுக்குச் சென்னையில் வீடோ வேறு சொத்தோ இருந்திருந்தால், மனு உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் போடப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. மாவட்ட நீதிபதிக்குள்ள புரோபேட் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உண்டு. ஏற்காட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் உயிலைத் தேடுகிறவர்களும் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். அவர்களுடைய பழைய உயில் நகல்கள் பல லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களிலும், எல்/ஏஜி/34/29 என்ற வரிசையில் இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

எச்சரிக்கையாக ஒன்று. இந்த உயில் உண்மையானது, கடைசியானது என்பதை மட்டுமே புரோபேட் தீர்மானிக்கிறது. தோட்டம் பெரிய தாத்தாவுக்குச் சொந்தமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. தாய்ப்பத்திரத்தைத் தனியாகத் தேடி வையுங்கள்.

மஞ்சக்குட்டைப் பேத்தி

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரங்கள் ஆயின. பதிவேட்டில் பெரிய தாத்தாவின் பெயர் கிடைத்தது; எண் 47. ஆனால் குறிப்புப் பத்தியில், சிவப்பு மையில், அசல் வழக்காக மாற்றப்பட்டது என்று ஓர் ஓ.எஸ். எண் எழுதியிருக்கிறது; எதிர்மனுதாரர் என்ற இடத்தில் என் தாத்தாவின் பெயர். அண்ணனுடைய உயிலைத் தாத்தா எதிர்த்தார் என்பதை யாரும் எங்களிடம் சொன்னதில்லை. இனி எந்தக் கட்டைக் கேட்பது?

நகல் பிரிவில் இருந்தவர்

ஓ.எஸ். கட்டைக் கேளுங்கள். புரோபேட் மனுவை யாராவது எதிர்த்தால் வாரிசுரிமைச் சட்டத்தின் 295-ஆவது பிரிவின்படி அது வழக்கின் வடிவத்துக்கு மாறிவிடும். சாட்சியம், தீர்ப்பு எல்லாம் புதிய எண்ணின் கீழ்தான் இருக்கும். ஓ.பி. எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் கட்டு இல்லை என்று மனு திரும்பி வரும். உயில் பெரும்பாலும் ஏ-1 (முதல் சான்றாவணம்) என்று குறியிடப்பட்டிருக்கும். மனுவில் தீர்ப்பு, தீர்ப்பாணை, ஏ-1, மதிப்பீட்டு அட்டவணை என்று நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

தீர்ப்பின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். புரோபேட் வழங்கப்பட்டிருந்தால் மூல உயில் அங்கேதான் இருக்க வேண்டும். தாத்தா வென்று மனு தள்ளுபடி ஆகியிருந்தால், உயிலைத் தாக்கல் செய்தவர் அதைத் திரும்பப் பெற்றிருக்கக்கூடும்; அப்போது பட்டா மாற்றம் உயிலின்படி அல்லாமல் வாரிசு முறைப்படி நடக்க வேண்டியதாகிவிடும், உங்கள் தாத்தாவின் கிளைக்கும் அதில் பங்கு வரும். எனவே தீர்ப்பு கைக்கு வரும் வரை வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த பட்டா மனுவை நகர்த்த வேண்டாம்.