மலேசியாவில் சின்னத் தொழில் நடத்துபவர்களே, வேலையிடப் பாதுகாப்புக்கு உங்களுக்கு யார் உதவினார்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிறை மில்காரர்:

பினாங்கில், பிறை என்ற ஊரில் அப்பா காலத்திலிருந்து மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுக்கும் மில் நடத்துகிறோம். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். 2024 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். முறுக்கு மாவுக்கு வாசல் வரை ஆள் நின்றது. பதினோரு வருடமாக எங்களோடு இருக்கும் அண்ணன் ஒருவர், மோட்டாரை நிறுத்தாமலே பெல்ட் பக்கம் படிந்திருந்த மிளகாய்த் தூளைத் துணியால் துடைத்தார். துணியைப் பெல்ட் இழுத்தது, துணியோடு கையும் போனது. மோதிர விரலின் நுனி போய்விட்டது.

அந்தப் பெல்ட்டுக்கு இரும்பு மூடி உண்டு. மெஷினோடு வந்ததுதான். ஒரு தடவை பெல்ட் மாற்றக் கழற்றினோம், திரும்ப மாட்டவில்லை. மூன்று வருடமாகப் பின்சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அதன் மேலேயே கோயில் காலண்டரையும் மாட்டியிருந்தோம்.

மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும்போது சொந்தக்காரர் ஒருவர், "வீட்டில் கதவு இடுக்கில் மாட்டியது என்று சொல்லிடுப்பா. ஆபீசர் வந்தால் மில்லை இழுத்து மூடிடுவான்" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் அண்ணனுக்கு சொக்சோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், ஒரு காசு கிடைத்திருக்காது. வேலையிட விபத்து என்று பதிவானதால்தான், மருத்துவ விடுப்பு நாட்களுக்கு அவருடைய சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வந்தது. விரலுக்கான நிரந்தர இழப்பீட்டை மருத்துவ வாரியம் தனியாகப் பார்த்து முடிவு செய்தது. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விரல் துண்டானது போன்ற விபத்தை ஜே.கே.கே.பி.க்கு, அதாவது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு உடனே சொல்லி, ஏழு நாளுக்குள் அறிக்கையும் கொடுக்க வேண்டும். அது தனி வேலை. ஒன்றைச் செய்தால் மற்றது முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். "மூடி எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. நான் சுவரைக் காட்டினேன். பெரியவர் காலண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது. அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் தடை நோட்டீஸ் கொடுத்தார்கள். மற்றவை ஓடின.

பழைய மூடி துருப்பிடித்துப் போயிருந்தது. பக்கத்துத் தெரு வெல்டரிடம் கம்பி வலை வைத்துப் புதிதாக ஒன்று செய்தேன். 160 வெள்ளி (ரிங்கிட்), ஒன்றரை நாள் வேலை. திரும்ப வந்த அதிகாரி, விரல் தடிமனுக்கு ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வலையின் ஓட்டைகள் வழியாக ஒவ்வொரு பக்கமாக நுழைத்துப் பார்த்தார். கீழ் மூலையில் குச்சி பெல்ட்டைத் தொட்டது. "குச்சி போனால் விரலும் போகும்" என்றார். அந்த மூலையைத் தகட்டால் அடைத்த பிறகுதான் தடையை நீக்கினார்கள். எனக்கு வழக்கு வரவில்லை. எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூன் 1 முதல் முதலாளிக்கான அபராதத்தின் உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளி ஆகிவிட்டது.

160 வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. விபத்து நடப்பதற்கு முன்பே போய் உதவி கேட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

செந்தூல் சாப்பாட்டுக் கடை:

அந்த அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் தம்பி?

நான் முன்பே போனவள்தான், ஆனால் சட்டம் வந்ததால் போனேன். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று 2024 ஜூனில் நடப்புக்கு வந்தது. வெளி ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியதில்லை, நம் ஆட்களில் ஒருவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினால் போதும். எங்கள் கடையில் நானே போனேன். வகுப்பு மலாயில்தான். எனக்குச் சிரமமாக இல்லை.

அங்கே ஹிராக் என்று ஒரு பாரம் (படிவம்) எழுதச் சொல்லிக் கொடுப்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எந்த வேலையில் எதனால் அடிபடும், எவ்வளவு மோசமாக அடிபடும், அதைத் தடுக்க என்ன செய்வது, அவ்வளவுதான். அதற்கான வழிகாட்டியை ஜே.கே.கே.பி. இணையத்தளத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் கேஸ் தோம்பு (சிலிண்டர்), கொதிக்கிற எண்ணெய் என்று எழுதிக்கொண்டு வந்து எங்கள் சமையல்காரரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "அக்கா, ரசப் பானையை விட்டுட்டீங்களே" என்றார். அடுப்பிலிருந்து பரிமாறும் இடத்துக்குப் பானையைத் தூக்கிப் போகும் வழியில் சாக்கடை மூடி ஒன்று இருக்கிறது. எப்போதும் ஈரம். பன்னிரண்டு மணி அவசரத்தில் தினமும் ஓர் ஆள் கொதிக்கிற பானையோடு அதைத் தாண்டியிருக்கிறான். நான் பதினாறு வருடம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. இப்போது மூடி போட்ட பானை, தள்ளுவண்டி, வழியும் வேறு. பாரம் எழுதும்போது வேலை செய்கிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக எழுதினால் நீங்கள் பயப்படுகிற ஆபத்து மட்டும்தான் தாளில் வரும்.

செலவு பற்றி: பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்து எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு, அதாவது மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்கு, லெவி கட்டுகிறவர்கள் பயிற்சிக் கட்டணத்தை அதிலிருந்து எடுக்க விண்ணப்பிக்கலாம். ஐந்திலிருந்து ஒன்பது பேர் உள்ள கடைகள் விரும்பினால் பதிந்துகொள்ளலாம், லெவி அரை விழுக்காடு.

பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடை:

எங்களிடம் மூன்று பேர்தான். அப்படியென்றால் எங்களுக்கு இது எதுவும் இல்லையா அக்கா?

செந்தூல் சாப்பாட்டுக் கடை:

ஒருங்கிணைப்பாளர் வேண்டாம்மா. ஆனால் சட்டம் உங்களுக்கும் உண்டு, ஆபத்தை மதிப்பிட்டு வைக்க வேண்டியதும் உண்டு. மூன்று பேருக்கும் சொக்சோ கட்டுகிறீர்களா, முதலில் அதைப் பாருங்கள்.

மரப்பட்டறைத் தொழிலாளி:

முதலாளிகள் பேசுகிறீர்கள், நான் கூலி ஆள். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு பட்டறையில் ரம்பத்தில் நிற்கிறேன். சத்தத்துக்கு 2019 விதிமுறை ஒன்று இருக்கிறது. எட்டு மணி நேரச் சராசரி 85 டெசிபலைத் தாண்டினால் முதலாளி காது பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எங்களை யாரும் அனுப்பியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது வீட்டில் பிள்ளை பின்னாலிருந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்பதில்லை. தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறாள்.

உடனடி ஆபத்து என்று நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி சரி செய்யவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலக நமக்கு இப்போது சட்டத்தில் உரிமை இருக்கிறது. அதற்காகத் தண்டிக்கக் கூடாது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 முதல் சொக்சோ வேலை விபத்துத் திட்டத்தில் இருக்கிறார்கள். என் பக்கத்தில் நிற்கும் வங்காளதேசத்துப் பையனுக்கு இதை நான் சொல்லித்தான் தெரியும்.

பாயான் லெப்பாஸ்வாசி:

என் தங்கை கணவர் அமெரிக்காவில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறார். அங்கே சிறு தொழில்களுக்கென்றே ஓர் இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. நாம் கூப்பிட்டால் ஆள் வந்து பார்த்து ஆபத்தைச் சொல்வார். அபராதம் கிடையாது, விவரம் அமலாக்கப் பிரிவுக்குப் போகாது. கடுமையான ஆபத்தைக் குறித்த நாளுக்குள் சரி செய்ய மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆலோசனை சொல்கிறவரும் அபராதம் போடுகிறவரும் வேறு வேறு ஆள் என்றால் பயமில்லாமல் கூப்பிடலாம். நம் ஊரிலும் அப்படித் தனியாக ஒன்று வேண்டும்.

பிறை மில்காரர்:

அக்கா, அண்ணன் நல்லபடி வேலைக்குத் திரும்பிவிட்டார். குளிர் நேரத்தில் விரல் நுனி குத்துகிறது என்பார். ஒருங்கிணைப்பாளர் பயிற்சிக்கு அவரைத்தான் அனுப்பினோம், அவரே கேட்டுப் போனார். மெஷினைத் துடைக்கும்போது மெயின் சுவிட்சில் பூட்டுப் போடுகிறார், சாவி அவர் சட்டைப் பையில். போன வாரம் அவசரம் என்று நான் சாவி கேட்டேன். துடைத்து முடித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

மரப்பட்டறைத் தம்பி, காதுக்கு உடனே டாக்டரைப் பாருங்கள். வேலையால் வந்தது என்று அவர் சொன்னால் அதற்கும் சொக்சோவில் வழி உண்டு.

மில் வைத்திருப்பவர்களுக்கு அந்த வலை மூடியின் அளவு வேண்டுமென்றால் சொல்லுங்கள், படம் எடுத்துப் போடுகிறேன்.