போஸ்ட்கிராசிங் அட்டையில் எண் கரைந்துவிட்டது, எப்படிப் படிப்பது?

வணக்கம். போஸ்ட்கிராசிங் என்பது முன்பின் தெரியாதவர்கள் தபால் அட்டை பரிமாறிக்கொள்ளும் இணையதளம்; வந்த அட்டையில் உள்ள அடையாள எண்ணைத் தளத்தில் கொடுத்துத்தான் பதிய வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து வந்த அட்டை ஒன்றை அப்படிப் பதிவு செய்ய முடியாமல் நிற்கிறேன். மதுரையில் போன செவ்வாய்க்கிழமை மழையில், கேட்டில் செருகியிருந்த தபால் நனைந்துவிட்டது. அடையாள எண்ணில் 'யு.எஸ்.' தெரிகிறது, பிறகு ஐந்து இலக்கம். மிச்சம் நீலக் கறை. அனுப்பியவர் ஜெல் பேனாவில் எழுதியிருக்கிறார்.

அட்டையில் உள்ள படம், அவர் ஊர்த் திருவிழாவில் நடக்கும் டெமாலிஷன் டெர்பி என்ற கார் மோதல் போட்டி. பழைய கார்களின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சேற்றில் ஒன்றோடொன்று மோத விடுவார்கள். கடைசிவரை ஓடுவது ஜெயிக்கும். ஓட்டுநர் பக்கக் கதவில் மட்டும் இடிக்கக் கூடாதாம். "பேரனுக்குப் புகை வாசம்தான் பிடித்தது" என்று எழுதியிருக்கிறார். நம் பொருட்காட்சி மரணக்கிணறு ஞாபகம் வந்தது. இவருக்குப் பதில் போடாமல் எப்படி இருப்பது?

செய்து பார்த்தவை: டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன், பூதக்கண்ணாடி வைத்தேன். போனில் படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்கியதில் ஆறாவது இலக்கம் 3 அல்லது 8 போலத் தெரிந்தது. தளத்தின் எண் தேடும் படிவத்தில் நாடு, தெரிந்த இலக்கங்கள், செய்தி எல்லாம் கொடுத்தேன், சிக்கவில்லை. கையெழுத்து வெறும் 'ஜே'. தபால் முத்திரையில் தேதியும் மங்கல். நான் பதிவு செய்யாதவரை அவர் கணக்கில் அட்டை சேராது. அனுப்பி 60 நாள் தாண்டினாலும் பதியலாம் என்பதால் அவசரமில்லை, ஆனால் மனசு கேட்கவில்லை.

அட்டையைக் கெடுக்காமல், கரைந்த ஜெல் மை எழுத்தைப் படிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய வழி யாருக்காவது தெரியுமா?