டங்க்குக்கும் ஷூட்டிங்குக்கும் ஒரே மதிப்பா? பசங்களுக்கு என்ன சொல்வது?

சிமெண்ட் கோர்ட்:

வணக்கம். ஒரு சின்ன ஊரில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். வெட்டவெளி சிமெண்ட் தரை, இரண்டு கம்பம், 22 பிள்ளைகள்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் டீமோடு ஒரு ஆட்டம். எங்கள் பையன் ஒருவன் பன்னிரண்டாவது படிக்கிறான், ஆறடி நாலங்குலம். நடுக்கோட்டில் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு தனியாக ஓடி, எம்பி வளையத்துக்கு மேலிருந்து பந்தைக் கையாலேயே உள்ளே அமுக்கி ஒரு டங்க் போட்டான். எங்கள் கோர்ட்டில் ஆட்டத்துக்கு நடுவே விழுந்த முதல் டங்க் அதுதான். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கோர்ட்டுக்குள்ளேயே ஓடி வந்து அவனைத் தூக்கிவிட்டார்கள். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

அதே ஆட்டத்தில் இன்னொருவன், பத்தாவது, ஐந்தடி ஐந்தங்குலம், ஐந்து த்ரீ (தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்து மூன்று பாயிண்ட் எடுக்கிற ஷாட்) போட்டான். அன்றைக்கு நல்ல காற்று. ஒவ்வொரு தடவையும் காற்றுக்கு இடம்விட்டு அரையடி தள்ளி எறிந்தான். நாலு பாயிண்டில் ஜெயித்தோம். அவன் போட்ட 15 இல்லையென்றால் கதையே வேறு. அதில் ஒன்றைக்கூட யாரும் மொபைலில் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அவன் பந்தைத் தொடுவதில்லை. படிக்கட்டில் இரண்டு காலையும் சேர்த்துத் தாவிக்கொண்டே இருக்கிறான். "சார், நான் எப்ப டங்க் பண்ணுவேன்?" என்று கேட்கிறான். நேற்று முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என் மனசுக்கு ஷூட்டிங்தான் உசத்தி. வளையத்தின் அகலம் 45 செ.மீ., பந்து 24 செ.மீ. நேர் மேலிருந்து விழுந்தால் ஏறக்குறைய இரண்டு பந்துக்கு இடம் உண்டு. 45 டிகிரி சாய்வில் வரும் பந்துக்கு அந்த வாசல் 32 செ.மீ.தான். 6.75 மீட்டர் தள்ளி நின்று, முகத்துக்கு முன்னால் ஒருவன் கை நீட்டும்போது, அதற்குள் பந்தை நுழைக்க வேண்டும். டங்க் போடுகிறவனுக்கு இந்தக் கணக்கே கிடையாது, வாசல் வரை கையிலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறான். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் ஸ்டீஃபன் கரி 2015-16 சீசனில் 402 த்ரீ போட்டார். அதற்கு முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதுதான். அந்த 402-ஐ உயரம் கொடுத்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த நெட்டைப் பையன் முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் பார்த்தேன். அவனிடம் "இது பெரிய விஷயமில்லடா" என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்று இருவரிடமும் சொன்னால் அது உண்மையாக இருக்குமா?

பழைய போஸ்ட்:

சார், நான் பதினோரு வருஷம் போஸ்ட்ல, அதாவது கூடைக்குப் பக்கத்துல நின்னு, ஆடினவன். ஆறடி. டங்க் போட்டிருக்கேன். அதனால "வாசல் வரை கையிலேயே கொண்டுபோய் வைக்கிறான்"ங்கிற இடத்துல உங்களோட சண்டை போட்டே ஆகணும்.

ஆறடி ஆள் நின்ன இடத்துல கையைத் தூக்கினா எட்டடி வரைக்கும் எட்டும். ரிம், அதாவது வளையம், பத்தடி உயரத்துல. பந்தை விளிம்புக்கு மேல ஏத்தி அமுக்க இன்னும் ஆறு அங்குலமாவது வேணும். ஆக 30 அங்குலம் எம்பணும், அதுவும் ஓட்டத்துல, கையில பந்தோட. எனக்கு வெறுங்கையால ரிம்மைப் பிடிக்கவே ஒரு வருஷம் ஆச்சு. பந்தோட போட மேலும் எட்டு மாசம். கடைசி அடி எங்க வைக்கணும்னு சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சுப் பழகினேன். 1986ல என்.பி.ஏ. டங்க் போட்டியில ஜெயிச்ச ஸ்பட் வெப் ஐந்தரை அடிக்குக் கொஞ்சம்தான் மேல. அவர்கிட்ட தோத்தது அதே அட்லாண்டா டீம்ல கூட ஆடின டொமினிக் வில்கின்ஸ், முந்தின வருஷ சாம்பியன்.

உயரத்தை வெச்சு டங்க்கை மட்டம் தட்டுறது பழைய பழக்கம். அமெரிக்காவுல காலேஜ் ஆட்டத்துல 1967ல டங்க்கையே தடை பண்ணினாங்க. யு.சி.எல்.ஏ.ங்கிற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி டீம்ல லூ ஆல்சிண்டர்னு ஏழடி ரெண்டங்குலப் பையன் ஒரே ஒரு சீசன் ஆடி முடிச்சிருந்தார், அந்தக் கையோட வந்த தடை. 1976 வரைக்கும் எடுக்கல. அவர் ஒரு கையால தலைக்கு மேல வளைச்சு எறியற ஹூக் ஷாட்டைத் தீட்ட ஆரம்பிச்சார். மிச்சம் இருந்த ரெண்டு வருஷமும் யு.சி.எல்.ஏ.தான் சாம்பியன். அவரேதான் பின்னாடி கரீம் அப்துல்-ஜப்பார். என்.பி.ஏ.வுல 38,387 பாயிண்ட், 2023 பிப்ரவரியில லெப்ரான் ஜேம்ஸ் தாண்டுற வரைக்கும் அதுதான் உச்சம். உயரம் மட்டும்தான் கைச்சரக்குன்னா அந்தத் தடையோட அவர் ஆட்டம் முடிஞ்சிருக்கணும்.

உங்க பக்கமும் நியாயம் இருக்கு, அது எனக்கு வலிக்கிற நியாயம். ஷக்கீல் ஓ'நீல் மாதிரி டங்க் போட ஆள் கிடையாது, ஆனா ஃபவுலுக்குப் பதிலா யாரும் தடுக்காம எறியற ஃப்ரீ த்ரோவுல 52.7 சதவீதம்தான். எதிரணி வேணும்னே அவர் மேல ஃபவுல் பண்ணி கோட்டுல கொண்டுபோய் நிறுத்துவாங்க. எனக்கும் அது நடந்திருக்கு. ஒரு மாவட்ட ஃபைனல்ல 40 செகண்ட் இருக்கும்போது ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டேன். அன்னைக்கு ஒரு டங்க் போட்டிருந்தேன். பஸ்ல வீட்டுக்கு வரும்போது அந்த டங்க் ஞாபகத்துக்கே வரல.

ஆனா ரெண்டையும் தனித்தனியா தராசுல வைக்கிறதுலதான் எனக்கு மனசு ஒப்பல. 2021 ஜூன் 22, என்.பி.ஏ.வுல ஃபீனிக்ஸ் - கிளிப்பர்ஸ் ஆட்டம். ஃபீனிக்ஸ் ஒரு பாயிண்ட் பின்னாடி, மிச்சம் 0.9 செகண்ட். கோட்டுக்கு வெளியில இருந்து ஜே க்ரவுடர் ரிம்முக்கு நேரா பந்தை ஏத்தி எறியறார், டியாண்ட்ரே ஏட்டன் எம்பி அப்படியே உள்ள அமுக்கறார். 104-103. மறுபடி ஓடவிட்டு டெவின் புக்கரைப் பாருங்க. டீமோட பெரிய ஷூட்டர் அவர்தான், பந்து அவருக்குத்தான் வரும்னு எல்லாரும் நினைக்கிற நேரத்துல, ஏட்டனைக் காவல் காக்கிற ஸுபாட்ஸுக்குக் குறுக்க போய் நின்னு வழியை மறிச்சு ஸ்க்ரீன் போடறார். அந்த டங்க்ல மூணு பேர் இருக்காங்க.

திருப்பியும் அப்படித்தான். நான் ஸ்க்ரீன் போட்டுட்டு ரிம்மைப் பார்த்துத் திரும்பி ஓடினா, மூலையில நிக்கிற டிஃபெண்டர் என்னைத் தடுக்க ரெண்டடி உள்ள வந்தே ஆகணும். டங்க் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது விழும், அதை விட்டா அவங்களுக்குக் கட்டாது. அந்த ரெண்டடியிலதான் எங்க ஷூட்டர் காலி இடத்துல நின்னு த்ரீ போடுவான். பந்தைத் தொடாமலே எனக்கு அதுல பங்கு இருக்குன்னு அவன்தான் முதல்ல சொன்னான். இன்னைக்கு வரைக்கும் நாங்க சிநேகிதம்.

அந்தச் சின்னப் பையன் தாவுறதை இன்னைக்கே நிறுத்துங்க. வளர்ற வயசுல முட்டிக்குக் கீழ எலும்பு முனையில வலின்னா டாக்டர்கிட்ட காட்டணும், தைலம் போதாது. சிமெண்ட் தரையில தினமும் தாவி நான் ரெண்டு முட்டியையும் இழந்தேன். எனக்கு அப்ப சொல்ல ஆள் இல்ல.

ஏழாம் நம்பர்:

பெண்கள் ஆட்டத்தையும் கொஞ்சம் பாருங்க சார். அமெரிக்கக் காலேஜ் ஆட்டத்துல ஒரு பெண் முதன்முதலா டங்க் போட்டது 1984 டிசம்பர்ல, ஜார்ஜியான் வெல்ஸ். பெண்களுக்கான தொழில்முறை லீக் டபிள்யூ.என்.பி.ஏ.வுல முதல் டங்க் 2002ல, லிசா லெஸ்லி. இன்னைக்கும் அது அபூர்வம். ஆனாலும் 2024ல கெய்ட்லின் கிளார்க்கைப் பார்க்க அரங்கம் நிறைஞ்சது. காலேஜ்ல அவங்க 3,951 பாயிண்ட் எடுத்தாங்க, மக்கள் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னது கோர்ட் நடுவுல இருக்கிற லோகோ பக்கத்துல இருந்து அவங்க எறிஞ்ச த்ரீக்காக.

கூட்டம் எதுக்குக் கத்தணும்ங்கிறதும் பழக்கிவிடறதுதான். நான் பள்ளிக்கூடத்துல ஆடும்போது எங்க கோச் யாராவது த்ரீ போட்டா பெஞ்ச்ல இருக்கிற எல்லாரும் எழுந்து நிக்கணும்னு வெச்சிருந்தாங்க. முதல் வாரம் வேண்டாவெறுப்பா நின்னோம். ஒரு மாசத்துல பார்க்க வந்த அம்மா அப்பாவும் எழுந்தாங்க.

காலை ஆறு மணி:

நான் ஆடினதில்லை, பார்க்கிறவன் மட்டும். எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததே ஒரு டங்க்கால்தான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வின்ஸ் கார்ட்டர், ஏழடி ரெண்டங்குல ஃபிரெடரிக் வைஸின் தலையைத் தாண்டிப் போட்டது. ஸ்கோர்போர்டில் வெறும் இரண்டு பாயிண்ட். எங்கள் தெருவில் அதைப் பார்த்து மூன்று பேர் பந்து வாங்கினோம்.

அதே கார்ட்டர் 22 சீசன் ஆடினார். வயதாக ஆக எம்புவது குறைந்தது, த்ரீ கூடியது. மொத்தம் 2,290 த்ரீ. 2020 மார்ச்சில் அவர் கடைசியாகப் போட்ட கூடையும் த்ரீதான். இரண்டு பையன்களிடமும் இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

சிமெண்ட் கோர்ட்:

எல்லோருக்கும் நன்றி. போஸ்ட் அண்ணே, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன்.

பையனை டாக்டரிடம் அழைத்துப் போனோம். மூன்று வாரம் தாவக்கூடாது என்றார், நின்ற இடத்தில் பந்து எறியலாம். நேற்று அவனை இடது பக்கம் நிறுத்தி, நெட்டைப் பையன் ரிம்மை நோக்கி ஓடும்போது பந்தை உயரமாக ரிம் பக்கம் ஏற்றிவிடும் லாப் போடச் சொன்னேன். ஏழெட்டு பந்து வீணானது. அதற்குப் பிறகு ஒன்று சரியாக உட்கார, அவன் அமுக்கிவிட்டு இறங்கியதும் நேரே இவனிடம்தான் ஓடி வந்தான். "இன்னும் ஒரு தடவை" என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். நெட்டைப் பையனுக்கு ஆட்டம் முடிந்ததும் தினம் 50 ஃப்ரீ த்ரோ. முதல் நாள் 21 விழுந்தது. எண்ணிக்கை எழுதுகிறவன் சின்னவன்.

ஒரு சந்தேகம். லாப் நிறைய பந்து ரிம்மின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகிறது. எங்கே பார்த்து எறியச் சொல்வது?

பழைய போஸ்ட்:

ரிம்மைப் பார்க்கவே வேண்டாம்னு சொல்லுங்க. ரிம்முக்குப் பின்னாடி போர்டுல வரைஞ்சிருக்கிற கட்டத்தோட, அவன் நிக்கிற பக்கத்து மேல் மூலை. அங்க கண்ணை வெச்சு கொஞ்சம் மெதுவா விடச் சொல்லுங்க. பந்து அங்க காத்திருக்கணும், ஓடி வர்றவன் வந்து எடுத்துக்குவான்.